178 கிலோ மகனுக்கு ஆபரேஷன் செய்யலாமா?

எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "உயிருக்கு ஒன்றும் ஆகாதே?" அதையே விதவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், உணவியல் நிபுணர் மூவரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. உயரம் 170 செ.மீ., எடை 178 கிலோ. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறான். டயட், வாக்கிங், ஜிம் எல்லாம் பார்த்தாயிற்று. பத்து கிலோ குறையும், பன்னிரண்டு கிலோ ஏறும். டாக்டர் ஆபரேஷன்தான் வழி என்கிறார். "பேப்பரில் படிக்கவில்லையா, டேபிளிலேயே போய்விடுகிறார்கள்" என்று என் நாத்தனார் பயமுறுத்துகிறார். செய்யலாமா?
எம். செண்பகவல்லி, திண்டுக்கல்

பதில்: அம்மா, கணக்கிலிருந்து தொடங்குவோம். 178-ஐ 1.7-இன் வர்க்கமான 2.89-ஆல் வகுத்தால் 61.6. இதுதான் உங்கள் மகனின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண். ஆசியர்களுக்கு 37.5-ஐத் தாண்டினால், சுகரோ பி.பி.யோ கூட இருந்தால் 32.5-ஐத் தாண்டினால் ஆபரேஷனை யோசிக்கலாம் என்பது இந்தியாவில் நெடுநாள் புழங்கிய அளவுகோல். 2022-இல் வந்த சர்வதேசப் பரிந்துரை அதையும் தளர்த்திவிட்டது. எனவே தகுதி பற்றிப் பேச்சே இல்லை. தாங்குவாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாத்தனார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. இறப்புகள் நடக்கத்தான் செய்கின்றன. அமெரிக்காவில் 10 மையங்களில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். மறு ஆபரேஷன், ரத்தக்கட்டி, ஒரு மாதமாகியும் டிஸ்சார்ஜ் ஆகாமை என்று ஏதோ ஒரு பெரிய சிக்கலில் மாட்டியவர்கள், இறந்தவர்களையும் சேர்த்து, 4.3 சதவீதம். பித்தப்பை ஆபரேஷனுக்கும் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கும் பக்கத்தில் வைக்கக்கூடிய எண்தான் இது. அவற்றுக்குச் சம்மதிக்கும் உறவினர்கள் இதற்கு மட்டும் நடுங்குவது வேடிக்கை.

ஆனால் அது எல்லோரையும் சேர்த்த சராசரி. உங்கள் மகன் அதற்கு மேல்படியில் இருக்கிறார். டெமரியா என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 2007-இல் ஒரு எளிய மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். பி.எம்.ஐ. 50 அல்லது அதற்கு மேல், ஆண், பி.பி., வயது 45 அல்லது அதற்கு மேல், நுரையீரலில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு: ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 0, 1 என்றால் ஆபத்து குறைவு; 2, 3 நடுத்தரம்; 4, 5 அதிகம். உங்கள் மகனுக்கு 3. வயது கைகொடுக்கிறது. இன்னும் பதினாறு வருடம் தள்ளிப்போட்டால் அதுவும் எதிராகத் திரும்பிவிடும்.

இந்த எடையில் ஆபரேஷன் ஏன் கடினம்? வயிற்றுச் சுவர் தடிமனாக இருப்பதால் சாதாரண லேப்ராஸ்கோப்பி கருவி உள்ளே எட்டாது, நீளமானது வேண்டும். கொழுப்பேறி வீங்கிய கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் போர்வை போலக் கிடக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையின் உச்சி தெரியும். தூக்கும்போது கிழிந்தால் ரத்தம் கொட்டும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் 2 முதல் 4 வாரம், நாளொன்றுக்குச் சுமார் 800 கலோரி புரத பானமும் காய்கறி சூப்பும் மட்டும் கொடுக்கிறோம். கல்லீரல் சுருங்குவதில் பெரும்பகுதி முதல் 2 வாரத்திலேயே நடந்துவிடும். இந்த இரண்டு வாரத்தில் ஒளித்து வைத்து பிரியாணி சாப்பிடுகிறவர்கள் ஏமாற்றுவது டாக்டரை இல்லை. கேமரா உள்ளே போனதும் கல்லீரல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆபரேஷன் நீண்டுகொண்டே போனால் இன்னொரு தொல்லை. உடம்பின் முழு பாரமும் புட்டத்துத் தசைகளை நசுக்க, அதிலிருந்து கசியும் பொருள் சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். மறுநாள் பின்புறத்தில் கடும் வலி, கோலா நிறத்தில் சிறுநீர் என்றால் அதுதான். 60-ஐத் தாண்டிய பி.எம்.ஐ.யில் அறுவை நிபுணரின் வேகத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்யாமல் பிரித்துச் செய்வதும் வழக்கம். இன்று எல்லோரும் பேசும் 'ஸ்லீவ்' ஆபரேஷனே அப்படிப் பிறந்ததுதான். 2000-ஐ ஒட்டி நியூயார்க்கில் மிஷெல் காக்னே என்ற அறுவை நிபுணரின் குழுவினர், மிகப் பருமனானவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கிக் குடல் பாதையையும் மாற்றும் பெரிய ஆபரேஷனை ஒரே தடவையில் செய்வது ஆபத்தாக இருந்ததால், முதலில் இரைப்பையை மட்டும் சுருக்கி அனுப்பினார்கள். எடை இறங்கியபின் இரண்டாம் கட்டம் என்பது திட்டம். பலருக்கு இரண்டாம் கட்டமே தேவைப்படவில்லை.

மருத்துவமனையில் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஆபரேஷன் டேபிள் எத்தனை கிலோ தாங்கும், சாய்த்த நிலையில் எத்தனை? (சாய்த்தால் எல்லை குறையும்.) சி.டி. ஸ்கேனரில் மகன் நுழைவாரா? வழக்கமான வளையத்தின் விட்டம் 70 செ.மீ.தான், படுக்கைக்கும் எடை வரம்பு உண்டு. இரவு இரண்டு மணிக்கு இரைப்பைத் தையலில் கசிவு வந்தால் திறந்து பார்க்க யார் இருப்பார்கள்? ஐ.சி.யூ. அதே கட்டடத்திலா, ஆம்புலன்ஸில் போக வேண்டிய இடத்திலா? 50-க்கு மேல் பி.எம்.ஐ. உள்ளவர்களுக்கு இங்கே எத்தனை ஆபரேஷன் ஆகியிருக்கிறது? கடைசிக் கேள்விக்கு எண்ணாகப் பதில் வராமல் "நிறைய" என்று வந்தால் எழுந்துவிடலாம்.

செய்யாமல் விடுவதும் பத்திரமான வழி இல்லை என்பதை நாத்தனாரிடம் சொல்லுங்கள். சுவீடனில் 4,047 பேரைச் சராசரியாக 11 வருடம் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு, மற்றவர்களைவிட 29 சதவீதம் குறைவு. செய்யலாம் அம்மா. ஆனால் இந்த மாதமே வேண்டாம். இரண்டு மூன்று மாதம் ஒதுக்கி, கொஞ்சம் எடை இறக்கி, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்த்து, பி.பி.யைப் பிடிக்குள் கொண்டுவந்த பிறகு.

கேள்வி: கொழுப்பை உறிஞ்சி எடுப்பதும் இதுவும் ஒன்றுதானே?
வ. ராமலிங்கம், தஞ்சாவூர்

பதில்: இல்லை. செய்தித்தாள்கள் இரண்டையும் 'கொழுப்பு நீக்கும் அறுவை சிகிச்சை' என்றே எழுதுவதால் வரும் குழப்பம். தோலுக்கடியில் குழாயை விட்டு உறிஞ்சும் லைப்போசக்‌ஷன், தொப்பை தொடையின் வடிவத்தைத் திருத்தும் அழகு சிகிச்சை. சுகர் குறையாது, பசி குறையாது. 120 கிலோ மனிதரை 90 கிலோ ஆக்க அதைச் செய்யவும் கூடாது. ஒரே தடவையில் அதிகமாக உறிஞ்சினால் உடலின் நீர்ச்சமநிலை குலைந்து, ரத்த ஓட்டத்தில் கொழுப்புத் துகள் கலந்து உயிர் போகலாம். பேரியாட்ரிக் எனப்படும் எடை குறைப்பு ஆபரேஷன் கொழுப்பைத் தொடுவதே இல்லை. இரைப்பையையும் குடலையும் மாற்றி அமைக்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் மாறுகின்றன. உடல் தானாகக் கரைகிறது.

கேள்வி: ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ் என்று மூன்று சொல்கிறார்கள். எனக்கு 44 வயது, 118 கிலோ, எட்டு வருடமாகச் சுகர், இரவில் நெஞ்செரிச்சல். எது பத்திரம்?
கே. நஸ்ரீன், வாணியம்பாடி

பதில்: ஸ்லீவில் இரைப்பைக்குள் 12, 13 மி.மீ. தடிமனான ஓர் அளவுக் குழாயை விட்டு, அதை ஒட்டியபடி ஸ்டேப்ளரால் வெட்டிக்கொண்டே மேலே போவார்கள். இரைப்பை முடியும் வாயிலிலிருந்து 4 முதல் 6 செ.மீ. தள்ளி வெட்டு தொடங்கும். முக்கால் பங்குக்கும் மேல் இரைப்பை வெளியே வந்துவிடும்; மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற குழல். குடலில் கை வைப்பதில்லை. நேரம் குறைவு. மிகப் பருமனானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் முதல் தேர்வாக இருப்பதற்கு அதுவே காரணம்.

பைபாஸில் 20 முதல் 30 மி.லி. கொள்ளளவுள்ள ஒரு சின்னப் பையை இரைப்பையின் உச்சியில் பிரித்து, அதில் சிறுகுடலைக் கொண்டுவந்து இணைக்கிறார்கள். கீழே இன்னொரு இணைப்பு. இரண்டு தையல், அதிக நேரம், சத்துக் குறைபாடும் அதிகம். சுகரும் நெஞ்செரிச்சலும் நன்றாக அடங்குவதும் இதில்தான். மினி பைபாஸில் ஒரே இணைப்பு, நம் நாட்டில் நிறையச் செய்கிறார்கள். பித்தநீர் இரைப்பைக்குள் ஏறுவது இதன் தொல்லை. உணவு 200 செ.மீ.க்கு மேல் குடலைத் தாண்டிப் போகும்படி இணைத்துவிட்டால் புரதச் சத்து ஒட்டாமல் கால் வீங்கி, முகம் வற்றிப்போகிறவர்களைப் பார்க்கிறோம். பருப்பும் தயிரும் மட்டும் சாப்பிடும் சைவக் குடும்பங்களில் இது சீக்கிரம் வரும்.

உங்கள் நெஞ்செரிச்சல்தான் இங்கே தீர்மானிக்கும். ஸ்லீவ் குழல் குறுகலானது, உள்ளே அழுத்தம் அதிகம், அமிலம் மேலேறும். பின்லாந்தில் இரண்டையும் ஒப்பிட்டு 10 வருடம் கழித்து எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில், உணவுக்குழாய் புண்ணாகியிருந்தவர்கள் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். எண்டோஸ்கோப்பி செய்து பாருங்கள். உணவுக்குழாயில் ஏற்கெனவே புண் இருந்தால் பைபாஸ் கேளுங்கள். "நாங்கள் ஸ்லீவ் மட்டும்தான் செய்வோம்" என்கிற இடத்தில் உங்களுக்கு ஸ்லீவ்தான் கிடைக்கும், அது பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும்.

கேள்வி: அக்காவுக்கு 132 கிலோ. பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டை. உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பாளா என்று பயமாக இருக்கிறது.
சு. கவிதா, நாகர்கோவில்

பதில்: சரியான இடத்தில்தான் பயப்படுகிறீர்கள். ஒல்லியானவருக்கு மயக்கம் கொடுத்தபின் மூச்சு நின்றால், முன்பே ஆக்சிஜன் நிரப்பியிருந்தால், 6 நிமிடம் வரை ரத்தத்தில் ஆக்சிஜன் தாக்குப்பிடிக்கும். மிகப் பருமனானவருக்கு 3 நிமிடம்கூட இல்லை. வயிறு மேலே தள்ளுவதால் நுரையீரலில் சேமிப்புக் காற்று குறைவு. அந்த நேரத்துக்குள் மூச்சுக்குழாயில் குழாயைப் பொருத்தியாக வேண்டும்; கழுத்துக் கொழுப்பு வழியை மறைக்கும்.

அதனால் மல்லாக்கப் படுக்க வைப்பதில்லை. தோள், தலைக்கு அடியில் துணிகளை அடுக்கி, காது துவாரமும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துவோம். தூங்கும் அம்மன் சிலை போல ஒரு சாய்வு. அந்த நிலையில் தொண்டை திறந்து, வீடியோ லாரிங்கோஸ்கோப் திரையில் குரல்வளை தெரியும். மருந்தையும் மொத்த எடைக்குக் கணக்குப் போடமாட்டோம்; பெரும்பாலான மருந்துகளுக்குக் கொழுப்பு நீங்கலான எடைதான் கணக்கு. முடிந்ததும் கண் திறந்து, தலையைத் தூக்கி, சொன்னதைச் செய்தபிறகே குழாயை எடுப்போம்.

முக்கியமான வேலை அதற்கு முன்பே நடக்க வேண்டும். குறட்டை, பகல் தூக்கம், தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, பி.பி., பி.எம்.ஐ. 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என்று எட்டு கேள்விகள் உள்ள பட்டியல் உண்டு. ஐந்துக்கு 'ஆமாம்' என்றால் தூக்கப் பரிசோதனை செய்து, இரவில் காற்றை அழுத்திச் செலுத்தும் சி-பேப் கருவியைச் சில வாரமாவது பழக்க வேண்டும். முகமூடி மூச்சு முட்டுகிறது என்று முதல் வாரம் கழற்றி எறிவார்கள். விடாதீர்கள். ஆபரேஷனுக்கு வரும்போது அந்தக் கருவியும் கூடவே வர வேண்டும், அன்றிரவே தேவைப்படும். வலிக்கு மார்ஃபின் வகை மருந்து கொடுத்துவிட்டுக் கண்காணிப்பில்லாத அறையில் படுக்க வைப்பதுதான் இப்படிப்பட்டவர்களுக்கு நடக்கிற பெரிய தவறு.

கேள்வி: கணவருக்கு அடுத்த வாரம் ஸ்லீவ். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்கு நான்கு மணி நேரம். வீட்டில் எதைப் பார்த்தால் ஓடி வர வேண்டும்?
தி. மாரியம்மாள், விளாத்திகுளம்

பதில்: இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாடித்துடிப்பு. வலியைவிட, காய்ச்சலைவிட இதுதான் முதலில் பேசும். மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அல்லது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போது 100-ஐத் தாண்டி நின்றால் போன் செய்யுங்கள். 120-ஐத் தொட்டால் வண்டியைக் கூப்பிடுங்கள். ஸ்டேப்ளர் போட்ட கோட்டில் கசிவு ஏற்பட்டிருக்கலாம். நூறு பேரில் ஒருவர், இருவருக்கு வருவது. பெரும்பாலும் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் உச்சியில் வரும். அங்கே சுவர் மெல்லிசு, ரத்த ஓட்டம் கம்மி. கீழே குழல் வளையும் இடத்தில் இறுக்கிப் பிடித்துத் தைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், மேல் முனை விட்டுக்கொடுக்கும். தோட்டத்துக் குழாயை நடுவில் மடக்கினால் பைப் மூட்டு பிய்த்துக்கொள்வதில்லையா, அதேதான்.

மற்றவர்களுக்குக் குடல் ஓட்டையானால் வயிறு பலகை போல விறைக்கும். பருமனானவருக்கு அப்படி ஆகாது. இடது தோளில் வலி, காரணமில்லாத படபடப்பு, "என்னவோ பண்ணுகிறது" என்ற நிலைகொள்ளாமை, மேல்மூச்சு வாங்குவது என்றே தொடங்கும். முதல் மூன்று நாளில் வரலாம்; பத்தாம் நாளும் வரலாம். பி.பி.க்காக மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி ஏறாமலே இருந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். அவர்களுக்கு 90-ஐயே சந்தேகத்தோடு பாருங்கள். உள்ளூரில் எக்ஸ்ரே எடுத்து "வாயுதான்" என்று சொன்னால் நம்பி உட்கார வேண்டாம். மருந்து குடிக்க வைத்து எடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும், அதுவும் சரியாக இருந்து நாடி இறங்கவில்லை என்றால் கேமரா விட்டு உள்ளே பார்ப்பதே நியாயம். சீக்கிரம் பிடித்தால் வடிகுழாய், ஆன்டிபயாடிக், எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் என்று சில வாரங்களில் ஆறும். இரண்டு நாள் தாமதித்தால் அதே கசிவு மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது ரத்தக்கட்டி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ நான்கு மணி நேரப் பயணம் வேண்டாம், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் ஆக்சிஜனைத் தொடங்குங்கள். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்தபிறகுதான் உருவாகின்றன. அதனால் பி.எம்.ஐ. 50-க்கு மேல் உள்ளவர்களுக்கு ரத்தம் கட்டாமல் தடுக்கும் எனாக்சபரின் ஊசியை வீட்டிலும் 2 முதல் 4 வாரம் தொடரச் சொல்வோம். ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைப்பதும் அதற்காகத்தான். நர்ஸ் கொடுமை செய்வதாக நினைக்காதீர்கள். ரத்த வாந்தியும் கறுப்பு மலமும் முதல் இரண்டு நாளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஊர் தூரம் என்பதால் ஒன்று கேட்கலாம்: முதல் 10 நாள் மருத்துவமனைக்கு அரை மணி தூரத்தில் உறவினர் வீடோ லாட்ஜோ பார்த்துத் தங்குங்கள். ஆகும் செலவில் அது ஒன்றும் பெரிதில்லை.

கேள்வி: ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். மூன்று வாரமாகத் தினமும் வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாளாகப் பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது, நடந்தால் தள்ளாடுகிறது.
பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: உங்களுக்குத் தொலைபேசியில் உடனே சொல்லிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே. இது பி1 எனப்படும் தயமின் வைட்டமின் தீர்ந்துபோனதால் மூளையில் வரும் பாதிப்பு. உடலில் தயமின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். வாந்தி நீடித்தால் காலியாகும். அந்த நேரத்தில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், அதை எரிக்கக் கடைசித் துளி தயமினும் செலவாகி, பார்வை இரட்டிக்கும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். தாமதித்தால் ஞாபக மறதி நிரந்தரமாகிவிடும்.

எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர் வாந்தியோடு வந்தால், முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். வாந்தி மட்டும் என்றாலும் 100 மி.கி.யாவது, கண், நடை பாதித்திருந்தால் 200 முதல் 500 மி.கி., நாளுக்கு மூன்று தடவை, நரம்பு வழியாக. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. மலிவான ஊசி, கெடுதலும் இல்லை. இதை எந்தக் கிளினிக் டாக்டரிடமும் தைரியமாகச் சொல்லுங்கள்.

வாந்தி ஏன் வருகிறது? முக்கால்வாசிப் பேருக்கு அவசரம். இரண்டு வாரம் மோர், இளநீர், வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர், புரத பானம். அடுத்த இரண்டு வாரம் குழைத்த இட்லி, மசித்த பருப்பு, தயிர். ஆறு வாரத்துக்கு மேல் சாதாரணச் சாப்பாடு என்பதுதான் வரிசை. மூன்றாம் வாரமே சப்பாத்தி சாப்பிட்டால் அது குழலில் மாவுருண்டையாக அடைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி இடைவெளி விடுங்கள். இதையெல்லாம் சரியாகச் செய்தும் தண்ணீரே தங்கவில்லை என்றால் குழல் சுருங்கியிருக்கிறது. எண்டோஸ்கோப்பியில் பலூன் வைத்து விரிக்க வேண்டும்.

கேள்வி: இப்போது வாரம் ஒரு ஊசி போட்டாலே எடை குறைகிறதாமே? ஆபரேஷன் எதற்கு?
ஜெ. பிரபாகரன், கோயம்புத்தூர்

பதில்: 2025-இல் டிர்செபடைடும் எடைக்கான செமாகுளுடைடும் இந்தியாவில் அறிமுகமான பிறகு தினமும் வரும் கேள்வி. பெரிய ஆய்வுகளில் செமாகுளுடைடு உடல் எடையில் சுமார் 15 சதவீதத்தையும், டிர்செபடைடின் உச்ச அளவு சுமார் 21 சதவீதத்தையும் குறைத்தன. ஆபரேஷனில் 25 முதல் 30 சதவீதம். 95 கிலோ ஆளுக்கு ஊசியே போதுமாக இருக்கலாம். 180 கிலோவில் 21 சதவீதம் போனாலும் 142 கிலோ மிஞ்சும். நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளுடைடு நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. மிக அதிக எடையோடு வருகிறவருக்கு முதலில் ஊசியால் கொஞ்சம் இறக்கிவிட்டு ஆபரேஷன் செய்வது பத்திரம் கூட. ஆனால் அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எட்டு மணி நேரம் பட்டினி இருந்தும் சோறு உள்ளேயே கிடக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். கடைசி ஊசி என்றைக்குப் போட்டீர்கள் என்பதை மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சுகர் மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் சுகர் 150 காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும். குளுக்கோமீட்டரை மட்டும் நம்புகிறவர்கள் தவறவிடுவார்கள். இன்சுலின் போடுகிறவருக்கோ ஆபரேஷன் முடிந்த மறுநாளே அளவு பாதிக்குக் கீழே போகலாம். பழைய சீட்டைப் பார்த்துப் போட்டால் தாழ்சுகரில் மயங்கி விழுவார்.

கேள்வி: எனக்கு 27 வயது, கல்யாணமாகி ஒரு வருடம். பைபாஸ் முடிந்து நான்கு மாதம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. குழந்தை எப்போது பெறலாம்?
ர. அபிநயா, சேலம்

பதில்: 12 முதல் 18 மாதம் பொறுங்கள். எடை சரசரவென்று இறங்கும் காலத்தில் கரு வளர்ந்தால் அதற்குச் சத்து போகாது. எடை குறைந்ததும் சினைமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கும், எதிர்பாராமல் கரு தங்கிவிடும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. காப்பர்-டி போன்றவை மேல். கர்ப்பத்தில் குளுக்கோஸ் குடிக்க வைத்துச் செய்யும் சுகர் டெஸ்ட் உங்களுக்கு வேண்டாம், படபடத்து மயக்கம் வரும். ஒரு வாரம் வீட்டில் விரலில் குத்திப் பார்த்தால் போதும்.

முடி கொட்டுவது மூன்றாம் மாதம் தொடங்கி ஆறேழு மாதத்தில் நிற்கும். நாளுக்கு 60 கிராம் புரதம் குறையக் கூடாது. இரும்புச்சத்து 45 முதல் 60 மி.கி., கால்சியம் சிட்ரேட் 1,200 முதல் 1,500 மி.கி. பிரித்துப் பிரித்து, இரண்டுக்கும் இடையே 2 மணி நேரம் விடுங்கள், சேர்த்துப் போட்டால் இரும்பு ஒட்டாது. வைட்டமின் டி 3,000 யூனிட், பி12 மாத்திரையோ மாதம் ஓர் ஊசியோ. இது ஆயுள் முழுக்க.

கேள்வி: இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
பா. சரவணன், ஆவடி

பதில்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது வாசகத்தின்படி, எடை சிகிச்சைக்குப் பொதுவாகக் காப்பீடு இல்லாவிட்டாலும், நிபந்தனைகள் பொருந்தினால் இந்த ஆபரேஷனுக்கு உண்டு. நிபந்தனைகள்: டாக்டர் பரிந்துரை, 18 வயது நிறைவு, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல். அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சுகர் ஆகியவற்றில் ஒன்று, மற்ற வழிகள் பலிக்காத ஆதாரத்தோடு. நமக்கென்று 37.5 என்று ஓர் அளவுகோலை மருத்துவம் வைத்திருக்க, காப்பீடு மேற்கத்திய 40-ஐப் பிடித்துக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை. உணவியல் நிபுணரிடம் போன சீட்டுகள், தூக்கப் பரிசோதனை அறிக்கை, முந்தைய எடைப் பதிவுகளைச் சேர்த்து வையுங்கள். முன் அனுமதி மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, நிறுவனத்திடம் முறையிட்டும் பலனில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர் அதிகாரியிடம் போகலாம்; சென்னையில் அலுவலகம் இருக்கிறது. பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பைபாஸ் செய்து மூன்று வருடம். 140 கிலோவிலிருந்து 84. எல்லாம் நன்றாக இருக்கிறது. சாப்பிட்டபின் சில நாள் தொப்புளுக்கு மேலே முறுக்கி வலித்து முதுகுக்குப் போகிறது, ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. கேஸ் மாத்திரை போதுமா?
இரா. வேல்முருகன், புதுக்கோட்டை

பதில்: போதாது. குடலை இடம் மாற்றும்போது அதன் சவ்வுகளுக்கிடையே ஜன்னல் போல இடைவெளிகள் உண்டாகும். ஆபரேஷனில் தைத்து மூடினாலும், எடை குறைந்து உள்கொழுப்பு கரையும்போது அவை தளர்ந்து திறக்கலாம். குடல் அதில் நுழைந்து முறுக்கும், தானே வெளியேவும் வந்துவிடும். வெளியே வந்த நேரத்தில் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் வெளியே வராமல் மாட்டிக்கொண்டால் சில மணி நேரத்தில் குடல் கறுத்து அழுகும். அல்ட்ராசவுண்டை விட்டுவிட்டு, பேரியாட்ரிக் நிபுணரிடம் போய், வலி இருக்கும்போதே சி.டி. எடுக்கச் சொல்லுங்கள். தெளிவாக இல்லாவிட்டாலும் கேமரா விட்டுப் பார்த்து இடைவெளியைத் தைத்துவிடலாம்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எதையும் தொடாதீர்கள். இணைப்பில் புண் வந்து ஓட்டையாகும். சிகரெட் இருந்தால் அதே புண் இன்னும் வேகமாக வரும். பாராசிட்டமால் மட்டும். பித்தக்கல்லும் இப்படி வலிக்கும் என்பதால் அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் செய்த தேதி, வகை, எத்தனை செ.மீ. குடல் விலக்கப்பட்டது, நிபுணரின் எண், 'தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள், டைக்ளோஃபெனாக் வேண்டாம், மூக்குவழிக் குழாயைப் பார்க்காமல் செருகாதீர்கள்' என்ற மூன்று வரி: ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து ஆதார் அட்டையோடு பர்ஸில் வையுங்கள்.